பழைய மோட்டார் சைக்கிளில் ஒயில் எங்கிருந்து கசிகிறது?

மட்டக்களப்பின் கல்லடியிலோ காத்தான்குடியிலோ மணல் முற்றத்தில் நிறுத்தப்படும் மோட்டார் சைக்கிள் ஒயில் கசிவதை அதன் சொந்தக்காரர் நெடுநாள் அறியாமலே இருந்துவிடுவதுண்டு, ஏனெனில் இரவில் விழும் சொட்டை விடிவதற்குள் மணல் குடித்துவிடுகிறது. சந்தேகம் இருந்தால் எஞ்சினுக்குக் கீழே வெட்டி விரித்த சிமெந்துப் பையையோ வெள்ளை அட்டையையோ வைத்து, முன் சில்லின் பக்கம் எது என்று அதில் குறித்துவிட்டுப் படுக்கச் செல்லுங்கள். சைட் ஸ்டாண்டில் ஓர் இரவும் டபிள் ஸ்டாண்டில் ஓர் இரவும் நிறுத்திப் பார்ப்பது நல்லது. சைட் ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்வதால் ஒயிலும் அப்பக்கம் திரள்கிறது. அந்த இரவில் மட்டும் சொட்டு விழுந்தால், இடப்பக்கத்து மூடிகளையும் ஒயில் சீல்களையும் (தண்டுகளைச் சுற்றி ஒயிலை மறிக்கும் ரப்பர் வளையங்கள்) முதலில் சந்தேகிக்கலாம்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒயிலின் அளவையும் தன்மையையும் பார்க்க வேண்டும். வண்டியைச் சமதரையில் நிமிர்த்தி நிறுத்தி அளவுகோலைத் துடைத்து இறக்குங்கள். பழைய ஹொண்டாக்கள் பெரும்பாலானவற்றில் அதைத் திருகி இறுக்காமல் வெறுமனே இருத்தியே அளக்க வேண்டும். அளவு மேற்கோட்டைத் தாண்டியிருந்தால் எஞ்சினில் குறையே இல்லாமலும், உள்ளே எழும் காற்றை வெளிவிடும் மூச்சுக்குழாய் வழியாக ஒயில் வெளியே வரலாம். ஊற்றாமலே அளவு கூடியிருந்து பெற்றோல் மணமும் வீசினால், காபரேற்றருக்குப் பெற்றோல் வருவதை அடைக்கும் மிதவை ஊசி மூடாமல் பெற்றோல் எஞ்சினுக்குள் இறங்குகிறது என்று கொள்ள வேண்டும். அப்படி நீர்த்துப்போன ஒயில் நல்ல சீலின் ஓரத்தாலும் கசியும், உள்ளுறுப்புகளையும் தேய்த்துவிடும்; ஆகவே காபரேற்றரைச் சரிசெய்து ஒயிலை மாற்றும்வரை அந்த வண்டியை ஓட்டக் கூடாது. மாரி மழையில் படுவான்கரைப் பக்கம் வெள்ளம் மேவிய வீதியைக் கடந்து வந்த வண்டியென்றால், ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

அடுத்தது கழுவுதல். இந்த வேலையில் பாதிக்குமேல் இதில்தான் இருக்கிறது, பலர் தவிர்ப்பதும் இதைத்தான். கிறவல் வீதிப் புழுதி ஒயிலோடு சேர்ந்து அடையாகப் படிந்திருக்கும் எஞ்சினில் எந்த மெக்கானிக்காலும் கசிவைக் காண முடியாது, ஊகிக்கத்தான் முடியும். ஆறிய எஞ்சினை மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் கொண்டு, வெப்பம் தணிக்கும் துடுப்புகளின் இடுக்குகளும், செயினை இழுக்கும் பற்சில்லான முன் ஸ்புரொக்கட்டின் மூடியின் உட்புறமும் தெரியும்வரை துலக்குங்கள். பெற்றோலால் கழுவ வேண்டாம். ஒரு தீப்பொறி போதும். சேர்விஸ் நிலையத்து அழுத்தத் தண்ணீரைச் சீல்களின் மேல் நேராக அடிப்பதும் நல்லதல்ல. முழுவதும் உலர்ந்த பின், முகத்துக்குப் பூசும் பவுடரை மூட்டுகளின் மேல் மெல்லிய படலமாகத் தூவி, பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து ரோச் லைட்டோடு குந்தியிருந்து பாருங்கள்.

பார்க்கும்போது மறக்கக் கூடாதது ஒன்றே: ஒயில் கீழ்நோக்கி வடிகிறது, ஓட்டத்தின் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளுகிறது. ஆகவே பவுடர் கறுத்திருக்கும் இடங்களில் மிக உயரத்திலும் மிக முன்னாலும் இருப்பதே கசிவின் பிறப்பிடம். மற்றவை அதன் வழித்தடம். என்னுடைய ஹொண்டா எம்.டி. 90 இன் சிலிண்டரின் அடிப்பக்கம், ஹெட்டும் (சிலிண்டரின் தலைப்பகுதி) புளொக்கும் சேரும் இடத்தில், எப்போதும் ஈரமாக இருந்தது. ஹெட்டைக் கழற்றி மூட்டுகளுக்கிடையில் வைக்கும் கெஸ்கட் செட் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று ஒரு கராச்சில் சொன்னார்கள். பவுடர் வேறு கதை சொன்னது. அந்த எஞ்சினில் சிலிண்டர் ஏறக்குறையக் கிடையாகப் படுத்திருப்பதால், வால்வைச் சரிசெய்யத் திறக்கும் மேற்பக்கத்து டெபட் மூடியால் கசிந்த ஒயில் துடுப்புகளின் இடையால் சுற்றி வந்து அடியில் திரண்டிருந்தது. கல்லாக இறுகிப்போன ஓர் ஓ றிங்கை மாற்றியதோடு அது நின்றது. அன்றிலிருந்து, கழுவிப் பார்க்காமல் ஹெட்டைத் திறக்கச் சொல்பவரிடம் நான் வண்டியைக் கொடுப்பதில்லை.

இடப்பக்கத்தில் முன் ஸ்புரொக்கட்டின் பின்னாலுள்ள சீலும் கியர் தண்டின் சீலும் வயதான வண்டிகளில் வழமையாகவே சோரும் இடங்கள். ஆனால் அங்கே தெறித்திருப்பது செயினுக்குப் பூசிய ஒயிலாகவும் இருக்கலாம். செயினையும் துடைத்து, சில நாட்கள் ஒன்றும் பூசாமல் ஓட்டிப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். பிளைவீல் உலர்ந்த அறைக்குள் சுழலும் எஞ்சின்களில் அந்த மூடியைக் கழற்றும்போது உள்ளே ஒயில் நின்றால், கிராங்கின் இடப்பக்கச் சீல் போய்விட்டது என்று பொருள். வலப்பக்கத்தில் கிக்கர் தண்டின் சீலைப் பாருங்கள். அடியிலுள்ள வடிகால் நட்டில் சொட்டு நின்றால் மேலும் இறுக்குவதே பலருடைய மருந்து. அலுமினியக் கூட்டின் மரை வழுவுவது அப்படித்தான். மாற்ற வேண்டியது வோஷர், அதுவும் மலிவானது.

புதிய சீல் போட்டும் சில வாரங்களில் மறுபடி கசிந்தால் சீலைக் குறை சொல்வதற்கு முன் உள்ளழுத்தத்தைப் பாருங்கள். பிஸ்டன் அசைவால் எழும் காற்று மூச்சுக்குழாய் வழியே வெளியேற வேண்டும். அது மடங்கியோ சேறு அடைத்தோ, குளவி மண் வைத்தோ இருந்தால், அழுத்தம் ஒயிலைப் பலவீனமான மூட்டால் தள்ளுகிறது. குழாய் சுத்தமாக இருந்தும் ஐடிலில் அதன் நுனியிலிருந்து விடாமல் புகை வந்தால், தேய்ந்த பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து எரிந்த வாயு கீழிறங்குகிறது. சைலன்சரில் நீலப்புகையும் சேர்ந்தால் ஐயம் வலுக்கிறது. அப்போது வெளிச் சீல்களுக்குச் செலவழிப்பது வீண். புளொக்கைத் திறப்பதே வழி. வெளியே ஒரு துளியும் இல்லாமல் அளவு மட்டும் குறைந்துகொண்டு போனாலும் ஒயில் உள்ளே எரிகிறது, ரிங்குகளோ வால்வு சீல்களோ தேய்ந்திருக்கலாம்.

இடம் தெரிந்த பின் கெஸ்கட்டுக்குப் பதிலாகச் சிலிக்கன் பசையை அள்ளி அப்ப விடாதீர்கள். உட்பக்கம் பிதுங்கும் பசை துண்டுதுண்டாக உதிர்ந்து ஒயில் வடிகட்டியை அடைத்தால், கசிவு நின்ற எஞ்சின் ஒயிலின்றி இறுகிப் போகும். புதிய பாகம் பொருத்திய பின் பவுடர் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். முதற் கசிவின் ஈரத்துக்குள் மறைந்திருந்த இரண்டாவது கசிவு ஒன்று அப்போதுதான் வெளியே தெரியும். ஒயில் பின் டயரை எட்டியிருந்தால் மட்டும் இவ்வளவு பொறுமைக்கு இடமில்லை: வண்டியை ஓட்டாமல் உருட்டிக்கொண்டு போங்கள்.