டிமென்ஷியா அளவுகோலின் நம்பகத்தன்மையைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவருக்கு வந்திருக்கும் டிமென்ஷியா லேசானது என்று ஒரு மருத்துவர் எழுதுகிறார். அதே வாரம் இன்னொருவர் நடுத்தரம் என்று எழுதுகிறார். அவரைத் தனியே விடலாமா, மருந்து ஆய்வில் சேர்க்கலாமா, வீட்டில் எவ்வளவு ஆள் துணை வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லைப் பொறுத்து மாறிவிடும். அதனால் ஓர் அளவுகோலை நம்பலாமா என்று பார்க்கும் சோதனையை மேலோட்டமாகச் செய்யக்கூடாது. ஆனால் பலமுறை அப்படித்தான் நடக்கிறது.

நான் பெரிதாக நினைக்கும் தவறு, நேர்காணலைச் சோதிக்காமல் மதிப்பெண் போடுவதை மட்டும் சோதிப்பது. டிமென்ஷியா எந்த நிலையில் இருக்கிறது என்று மதிப்பிடும் சிடிஆர் (Clinical Dementia Rating) அளவுகோலை எடுத்துக்கொள்வோம். 1982-ல் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. நினைவாற்றல், இடம்-காலம் அறிதல், சிக்கலைப் புரிந்து முடிவெடுத்தல், வெளியுலக ஈடுபாடு, வீட்டு வேலையும் பொழுதுபோக்கும், தன்னைப் பேணிக்கொள்ளுதல் என்று ஆறு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 0, 0.5, 1, 2, 3 என்று மதிப்பெண், 0 என்றால் பாதிப்பில்லை, 3 என்றால் தீவிரம். தன்னைப் பேணுதலுக்கு மட்டும் 0.5 கிடையாது. நோயாளியுடனும் அவரை நன்கு அறிந்த ஒருவருடனும் தனித்தனியே பேசித்தான் மதிப்பெண் போட வேண்டும்.

சோதனையில் வழக்கமாக என்ன செய்கிறார்கள்? ஒருவர் நேர்காணல் செய்ததை வீடியோ எடுத்து, ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டி மதிப்பெண் கேட்கிறார்கள். ஒப்புமை அருமையாக வருகிறது. வராமல் எப்படி இருக்கும்? ஐந்து பேரும் கேட்டது ஒரே பதில்களை. "அப்பா இப்பல்லாம் வெளியே போறதில்லை" என்று மகள் சொன்னால், அது மறதியாலா, முழங்கால் வலியாலா என்று அடுத்த கேள்வி கேட்க வேண்டும். சிடிஆரில் அறிவுத்திறன் குறைந்ததால் வந்த மாற்றத்துக்குத்தான் மதிப்பெண். உடல் வலிக்கு இல்லை. ஒருவர் கேட்பார், இன்னொருவர் விட்டுவிடுவார். நடைமுறையில் முரண்பாடு பிறக்கும் இடம் இதுதான், வீடியோவில் அது தெரியவே தெரியாது. குறைந்தது ஒரு பகுதி நோயாளிகளையாவது இரண்டு பேர் தனித்தனியே நேர்காணல் செய்து பார்க்க வேண்டும். செலவு கூடும், நோயாளி களைத்துப்போவார், உண்மைதான். முடியாவிட்டால், சோதித்தது மதிப்பெண் போடுவதை மட்டும்தான் என்று அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

இரண்டு நேர்காணலிலும் தகவல் சொல்பவர் ஒரே ஆளாக இருக்கட்டும். முதல் தடவை கூடவே வாழும் மனைவியும், அடுத்த தடவை எப்போதாவது வந்துபோகும் மகனும் பேசினால், வித்தியாசம் யாரால் வந்தது என்று பிரிக்க முடியாது.

அப்புறம், இரண்டு மதிப்பீட்டுக்கும் நடுவில் விடும் இடைவெளி. மற்ற சோதனைகளில் பங்கேற்பவர் பழைய பதிலை நினைவில் வைத்திருப்பார் என்று பயப்படுவோம். இங்கே பழைய மதிப்பெண்ணை நினைவில் வைத்திருப்பவர் பெரும்பாலும் மதிப்பீட்டாளர்தான். அதற்குப் பயந்து ஆறு மாதம் தள்ளினால் நோயே முற்றியிருக்கும். சில வாரங்கள் என்பது நியாயமான இடைவெளி. நாளின் நேரமும் ஒன்றாக இருப்பது நல்லது. மாலையில் குழப்பம் கூடும் நோயாளிகள் உண்டு. லூவி பாடி வகை டிமென்ஷியாவில் தெளிவு நாளுக்கு நாளே ஏறி இறங்கும்.

யாரைச் சோதிக்கிறோம் என்பதும் எண்ணை மாற்றும். முழு ஆரோக்கியமானவர்களையும் படுக்கையில் இருப்பவர்களையும் கலந்து எடுத்தால் எந்த அளவுகோலும் பிரமாதமாகத் தெரியும். கஷ்டம் 0.5-க்கும் 1-க்கும் நடுவில்தான். உங்கள் ஆய்வு ஆரம்ப நிலை நோயாளிகளைப் பற்றியது என்றால், அவர்களிடமே சோதியுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒட்டுறவுக் கெழு (correlation) இரண்டு பேரின் மதிப்பெண்கள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று மட்டும் சொல்லும், அதன் உச்சம் 1. அதை ஒப்புமை என்று எடுத்துக்கொள்வது பழைய தவறு. ஒரு மதிப்பீட்டாளர் எல்லா நோயாளிக்கும் மற்றவரைவிடச் சரியாக ஒரு புள்ளி கூடுதலாகப் போட்டால் கெழு 1 வரும். ஆனால் ஒரு நோயாளியிடம்கூட இருவரும் ஒத்துப்போகவில்லை.

வெறும் சதவீதமும் ஏமாற்றும். 100 பேரில் 90 பேரை இருவரும் லேசானது என்கிறார்கள். மீதி 10 பேரில், ஒருவர் தீவிரம் என்ற ஐந்து பேரை மற்றவர் லேசானது என்கிறார், மற்ற ஐந்து பேரிடம் இது தலைகீழ். ஒப்புமை 90 சதவீதம். தற்செயலாகவே 90.5 சதவீதம் வரும் என்பதால், தற்செயலைக் கழித்துவிட்டு ஒப்புமையை அளக்கும் காப்பா (kappa) பூஜ்யத்துக்கும் கீழே, சுமார் -0.05. அதற்காகக் காப்பாவை மட்டும் தனியே தந்தாலும் படம் முழுமையாகாது. முழு அட்டவணையையும் போட்டுவிடுங்கள், அதில்தான் தீவிர நிலையை இருவரும் ஒருமுறைகூட ஒத்துக்கொள்ளவில்லை என்பது தெரியும். லேசானது, நடுத்தரம், தீவிரம் போன்ற வரிசை நிலைகளுக்கு, பெரிய வித்தியாசத்தைச் சிறியதைவிடப் பெரிய தவறாகக் கணக்கிடும் எடையிட்ட காப்பா பொருத்தமானது. எந்த எடை என்பதை முடிவு வருவதற்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

கடைசித் தவறு, நம்பகத்தன்மையை ஒரே எண்ணில் சொல்லும் ஐசிசி (intraclass correlation, உச்சம் 1) 0.91 வந்துவிட்டது என்று அத்தோடு நின்றுவிடுவது. ஆறு பகுதிகளின் கூட்டுத்தொகை 0 முதல் 18 வரை போகும். அதன் திட்டவிலக்கம், அதாவது நோயாளிக்கு நோயாளி மதிப்பெண் எவ்வளவு பரவுகிறது என்ற அளவு, 4 என்று வைத்துக்கொள்வோம். 1-லிருந்து 0.91-ஐக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, 4-ஆல் பெருக்கினால் அளவீட்டுப் பிழை 1.2. இரண்டு அளவீட்டிலும் பிழை இருப்பதால் அதை 2-இன் வர்க்கமூலத்தாலும், 95 சதவீத உறுதிக்காக 1.96-ஆலும் பெருக்க வேண்டும். அதாவது ஒரு தனி நோயாளியிடம் உண்மையான மாற்றம் என்று சொல்ல, வித்தியாசம் சுமார் 3.3 புள்ளியைத் தாண்ட வேண்டும். அப்படிப்பட்ட அளவுகோலில் இரண்டு புள்ளி குறைந்ததைக் காட்டி, மருந்து வேலை செய்கிறது என்று ஒரு குடும்பத்திடம் சொல்ல முடியாது.