ஓபராவின் கதையைச் சொல்லும்போது வழுக்கும் இடங்கள்

பாட்டால் கதை சொல்லும் மேலைநாட்டு மேடைக்கலையான ஓபரா என்றதும் கொம்பு வைத்த தலைக்கவசமும் கையில் ஈட்டியுமாக, உச்சஸ்தாயியில் கத்தும் பருத்த பெண்மணிதான் பலருக்கு நினைவுக்கு வருகிறார். கார்ட்டூன்கள் செய்த வேலை. அந்த உருவம் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் 'ரிங்' என்ற நான்கு ஓபராக்களோடு ஒட்டிக்கொண்டது. அவை நான்கும் தொடராக முதலில் மேடையேறியது 1876இல், ஜெர்மனியின் பாய்ராய்ட்டில். ஓபரா பிறந்ததோ 1600ஐ ஒட்டி, இத்தாலியில். நடுவே கிட்டத்தட்ட 275 ஆண்டுகள் கிடக்கின்றன. இந்தக் கலையின் வரலாற்றை எழுத வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் வருகிறது: பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழையதைப் பார்ப்பது. நானும் அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதியவன்தான்.

முதல் ஓபரா எது என்ற கேள்வியிலேயே கால் வழுக்கும். அவசரத்தில் எழுதுகிறவர்கள் '1607, மான்டெவெர்டி இசையமைத்த ஓர்ஃபியோ' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். அதற்குக் கிட்டத்தட்டப் பத்தாண்டு முன்பே ஃப்ளாரன்ஸில் யாக்கோப்போ பெரி 'டாஃப்னே'வுக்கு இசையமைத்துவிட்டார். அந்த இசையில் சில துணுக்குகள்தான் இன்று மிச்சம். முழுதாகக் கைக்குக் கிடைப்பவற்றில் மூத்தது அவருடைய 'எவ்ரிடிச்சே'. 1600 அக்டோபர் 6 அன்று பிட்டி அரண்மனையில், மரியா தே மெதிச்சிக்கும் பிரெஞ்சு அரசர் நான்காம் ஹென்றிக்கும் நடந்த திருமணக் கொண்டாட்டத்தில் அரங்கேறியது. கல்யாண வீட்டில் சாவில் போய் முடிக்க முடியுமா? இறந்த மனைவியை மீட்கப் பாடகன் ஓர்ஃபியோ பாதாளம் போகும் கிரேக்கக் கதை இது; மூலக்கதையில் பாதாளத்திலேயே நின்றுவிடும் நாயகி இதில் கணவனோடு பத்திரமாக வீடு திரும்பிவிடுகிறாள்.

அந்த மேடையில் நடந்த பூசல் தனிக்கதை. பெரியின் போட்டியாளர் ஜூலியோ கச்சீனி, தன் ஆட்கள் பாடும் பகுதிகளில் தன் மெட்டுத்தான் ஒலிக்க வேண்டும் என்று அடம்பிடித்துச் சாதித்துக்கொண்டார். போதாதென்று அதே பாடலுரை முழுவதற்கும் தானே இசையமைத்து, பெரியின் நூல் வெளிவரும் முன்பே அச்சிட்டும்விட்டார். அதே ஆண்டு பிப்ரவரியில் ரோமில் எமிலியோ தே கவலியேரியின் சமய நாடகம் ஒன்றும் முழுக்கப் பாட்டாகவே மேடையேறியிருந்தது. ஆக, 'ஓபராவின் தந்தை' என்று ஒருவருக்கு மட்டும் மாலை போட்டால் மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

'பண்டைய கிரேக்க நாடகத்தை மீட்டெடுத்தார்கள்' என்று எழுதுவதும் சரியில்லை. கிரேக்க சோக நாடகங்கள் தொடக்கம் முதல் கடைசிவரை பாடப்பட்டன என்று அறிஞர் ஜிரோலமோ மெயி நம்பினார். ஃப்ளாரன்ஸில் ஜொவான்னி தே பார்தி பிரபுவின் வீட்டில் கூடிய குழுவுக்கு அதைக் கடிதம் கடிதமாக எழுதினார். அந்தக் குழுவில் வின்சென்சோ கலிலேயும் இருந்தார். தொலைநோக்கியில் வானத்தைப் பார்த்த கலிலியோவின் அப்பா. ஆனால் கிரேக்க நாடகத்தில் பேச்சும் உண்டு, பாட்டும் உண்டு என்பதே இன்றைய ஆய்வாளர்களின் கருத்து. அந்த இசை எப்படி ஒலித்தது என்பதும் பார்தியின் குழுவில் யாருக்கும் தெரியாது. தவறான நம்பிக்கையில் பழசைத் தேடிப் போய், புதுசு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடமே இதுதான்.

அவர்கள் கண்டுபிடித்தது என்ன? பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு நடை. நம் கச்சேரியில் விருத்தம் பாடும்போது தாளம் ஒதுங்கிச் சொல் முன்னால் வருமே, அது ஓரளவுக்குப் பக்கத்தில் வரும். பின்னாளில் ரெசிடட்டிவ் என்று பெயர் வாங்கிய இதை 'பாட்டுக்கு நடுவே வரும் சலிப்பான பகுதி' என்று தள்ளிவிடுகிறவர்கள் 'ஓர்ஃபியோ'வின் இரண்டாம் அங்கத்தை ஒருமுறை கேட்க வேண்டும். மேய்ப்பர்கள் ஆடிப்பாடிக்கொண்டிருக்கிறார்கள். தூது சொல்ல ஒரு பெண் வருகிறாள். துள்ளல் சட்டென்று நிற்கிறது. கீழே ஒரு சிறு ஆர்கனும் நீளக் கழுத்து வீணை போன்ற கித்தாரோனேயும் மட்டும். உன் அருமை மனைவி இறந்துவிட்டாள் என்கிறாள். ஓர்ஃபியோ கதறவில்லை, நீண்ட ஆலாபனை எதுவும் செய்யவில்லை. 'ஓயிமே' என்று ஒரே சொல். 'ஐயோ' என்பதற்கு இத்தாலியச் சொல். அவ்வளவுதான். அப்புறம் கொஞ்ச நேரம் அவனுக்கு வாயே திறப்பதில்லை. உலகத்தில் யாரையும் தன் பாட்டால் உருக்கக்கூடியவன் பாடத் தெரியாமல் நிற்கிறான்.

சரி, அரண்மனைக்குப் பிறகு? 'ஓபரா எப்போதுமே மேட்டுக்குடிக் கலை' என்பது அடிக்கடி வரும் வாக்கியம். 1637இல் வெனிஸில் சான் கஸ்ஸியானோ அரங்கு 'ஆந்த்ரோமெடா'வோடு திறந்தது. அழைப்பிதழ் தேவையில்லை, காசு கொடுத்தால் உள்ளே போகலாம். பெட்டி போன்ற மாடங்களைப் பணக்காரக் குடும்பங்கள் வாடகைக்கு எடுத்தன, கீழ்த்தளம் மற்றவர்களுக்கு. எல்லாரும் வந்தார்கள் என்று அடித்துவிடவும் கூடாது, டிக்கெட் மலிவில்லை. ஆனால் கணக்கு மாறிவிட்டது. பிரபுவைப் புகழ்ந்த மேடை இப்போது வசூலுக்கு ஏங்கியது. கார்னிவல் என்ற திருவிழாக் காலத்தில் அரங்குகளுக்குள் போட்டி. மேகத்தில் தேவர்களை இறக்கும் இயந்திரங்கள் வந்தன, நட்சத்திரப் பாடகிகள் வந்தார்கள். 1643இல் மான்டெவெர்டியின் 'பொப்பேயா'வில் நீரோ மன்னன் மனைவியைத் துரத்திவிட்டுக் காதலிக்கு முடிசூட்டி வைக்கிறான். தப்புச் செய்தவர்கள்தான் கடைசியில் ஜெயிக்கிறார்கள். இப்படி ஒரு கதையை எந்தக் கல்யாண மண்டபமும் ஏற்காது.

அந்த அரங்குக்குள் இருட்டையும் நிசப்தத்தையும் கற்பனை செய்யாதீர்கள். மேலே மெழுகுவர்த்திகள் எரியும். லிப்ரெட்டோ என்ற பாடலுரைச் சிறுநூலை வாங்கி, கையில் ஒரு சின்ன மெழுகுத்திரியோடு வரிகளைத் தொடர்ந்து படிப்பார்கள். மெழுகு சொட்டிய கறையோடு அந்தக் காலப் பிரதிகள் இன்றும் நூலகங்களில் இருக்கின்றன. மாடங்களில் அரட்டை, சாப்பாடு, சீட்டாட்டம். பிடித்த பாட்டு வரும்போது திரும்பிப் பார்ப்பார்கள். விளக்கை நன்றாகத் தணித்து எல்லாரையும் மேடை பார்த்து வாய்மூடி உட்கார வைப்பதை ஒரு வழக்கமாக்கியதில் வாக்னரின் பாய்ராய்ட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

குரல் உடையாமல் உச்சத்திலேயே நிற்பதற்காகச் சிறுவயதில் விதை நீக்கப்பட்ட காஸ்ட்ராட்டோ பாடகர்களைப் பற்றி எழுதும்போது, 'பெண்கள் மேடையேறத் தடை, அதனால் சிறுவர்களின் விதையை நீக்கிப் பெண் வேடத்துக்குத் தயாரித்தார்கள்' என்று ஒரே வரியில் முடிப்பது இன்னொரு பிழை. போப்பின் ஆட்சிப் பகுதிகளில் அந்தத் தடை உண்மை. வெனிஸிலோ ஆன்னா ரென்சி போன்ற பாடகிகள் கொடிகட்டிப் பறந்தார்கள். காஸ்ட்ராட்டோக்களுக்கு அதிகம் கிடைத்தது வீரன், காதலன், மன்னன் வேடங்கள். 1724இல் லண்டனில் ஹேண்டலின் ஓபராவில் ஜூலியஸ் சீசராக நின்று பாடியவர் செனெசீனோ, ஒரு காஸ்ட்ராட்டோ. வீரம் என்றால் கட்டைக்குரல் என்ற எண்ணம் அந்தக் காதுகளுக்கு இல்லை. இந்தக் கொடுமையை மறைக்கவும் வேண்டாம், இசைக் காரணத்தை விட்டுவிடவும் வேண்டாம். ஹேண்டல் என்றதும் 'மெசையா'வையும் ஓபராக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது ஒரட்டோரியோ, வேடமும் நடிப்பும் இல்லாமல் பாடுவது.

முழுக்கப் பாடினால்தான் ஓபரா என்பதும் நிற்காது. மொசார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' 1791இல் வியன்னாவின் புறநகர் அரங்கு ஒன்றில் மேடையேறியது. அதில் வசனம் நிறைய உண்டு. 1875இல் பாரிஸில் வந்த பிஸேயின் 'கார்மென்' வகையால் 'ஓபரா கோமிக்', அதாவது பேச்சும் கலந்தது. பெயரைப் பார்த்து நகைச்சுவை என்று எழுதிவிட்டால், கடைசிக் காட்சியில் கத்திக்குத்துப்பட்டு விழும் கார்மெனை எங்கே வைப்பது?

வெர்டியின் 'நபுக்கோ' பற்றிய கதை கொஞ்சம் நாசூக்கானது. 1842இல் மிலானில் முதல் நாளே, இழந்த தாயகத்தை நினைத்து அடிமைகள் பாடும் 'வா பென்சியெரோ' சேர்ந்திசையைக் கேட்டு மக்கள் தேசபக்தியில் கொதித்து, மறுபடி பாடச் சொன்னார்கள் என்பார்கள். ஆய்வாளர்கள் பழைய பத்திரிகைகளைத் தேடியபோது, அன்று மறுபடி பாடப்பட்டது வேறொரு சேர்ந்திசை என்று தெரிந்தது. அந்தப் பாட்டின் தேசியப் புகழ் பிறகு மெல்ல ஏறியது. 1901இல் வெர்டியின் உடலை இறுதியாக நல்லடக்கம் செய்ய எடுத்துப் போனபோது இசை நடத்துநர் டாஸ்கனீனி பெரிய குழுவைக் கொண்டு அதைப் பாட வைத்தார். அந்தக் காட்சியை 1842க்குத் தள்ளிவிட்டால் கதை அழகாகத்தான் இருக்கும்.

நம் பக்கம் வந்துபோன ஓபரா ஒன்றும் உண்டு, பெயரளவில். பிஸேயின் 'முத்துக் குளிப்பவர்கள்', 1863, பாரிஸ். கதை நடப்பது இலங்கையில். இதை வைத்து அந்நாளைய இலங்கையைப் பற்றி எதையும் எழுதிவிடாதீர்கள். பாத்திரங்களின் பெயர்கள் லெய்லா, நாதிர், சுர்கா. பிரம்மனைக் கும்பிடும் இந்த ஊரில், முகத்திரை போட்ட பூசாரிணி ஒருத்தி பாறை மேல் நின்று பாடினால் குளிப்பவர்களுக்குக் கடலில் ஆபத்து வராது. மன்னார்க் கடலில் அந்த வேலையைப் பார்த்தவர் கடல்கட்டி. சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்வார், அவர் இல்லாமல் குளிப்பவர்கள் கடலில் இறங்கமாட்டார்கள். அதனால் ஆங்கிலேய அரசே அவருக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது.