நாதஸ்வரத்துக்கு அளவெடுத்துக் கெண்டை செய்விப்பது

உலவும் (துளைகள் உள்ள மரக்குழல்) சீவாளியும் (வாயில் வைத்து ஊதும் நாக்கு) நல்லவைதான், ஆனாலும் மேல் ஸ்தாயியில் சுருதி இறங்கியே நிற்கிறது என்றால் கெண்டையை, அதாவது அவை இரண்டையும் இணைக்கும் சிறு உலோகக் கூம்புக் குழாயை, சந்தேகியுங்கள். இடம்பெயர்வில் கெண்டை தொலைந்து, வேறு குழலின் கெண்டையைச் செருகி வாசிக்கும் பழைய உலவுகள் வன்னியில் உண்டு. நீளம் ஒத்தால் சரி என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உள்ளே எவ்வளவு காற்று அடங்குகிறது, கூம்பு எப்படி விரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

வேணியர் இடுக்கிமானியால் சீவாளியின் அடிக்கட்டுக்குள் உள்ள விட்டத்தையும் உலவு வாயின் விட்டத்தையும் எடுங்கள். உலவுக்குள் போகும் அகன்ற முனை கொஞ்சம் சிறுத்தாலும் நூல் சுற்றி இறுக்கலாம். சீவாளி ஏறும் ஒடுங்கிய முனையில் அந்தச் சலுகை கிடையாது.

முதலில் 0.5 மி.மீ. செம்புத் தகட்டில் செய்து பாருங்கள். சுருதி பிடிபட்ட பிறகு வெள்ளிக்குப் போகலாம். தகட்டின் அகலம்: கெண்டையின் உள்விட்டத்தோடு (எடுத்த அளவில் தகட்டுத் தடிப்பை இருமுறை கழித்தது) தகட்டுத் தடிப்பைக் கூட்டி 3.14ஆல் பெருக்குங்கள். உதாரணமாக உள்விட்டம் ஒடுங்கிய முனையில் 4 மி.மீ., அகன்ற முனையில் 8 மி.மீ. என்றால் 14.1, 26.7 மி.மீ. வரும். நீளத்தில் 4 மி.மீ. கூட்டியே வெட்டுங்கள், பிறகு அராவிக் குறைக்கலாம், கூட்ட முடியாது.

உள்ளளவுக்கேற்ற உருக்குக் கூம்பு ஒன்றை லேத் பட்டறையில் கடைவித்து, அதையும் தகட்டையும் நகைப் பத்தரிடம் கொடுங்கள். தகட்டைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்கிய பிறகே வளைக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு வெடிக்கும். வளைத்ததும் கூம்பை உருவி, கட்டுக்கம்பியால் இறுக்கி, வெங்காரம் தடவி வெள்ளிப் பொடி (உருகிப் பொருத்தை ஒட்டும் வெள்ளிக் கலவை) வைத்து ஊதட்டும். கூம்போடு சேர்த்து ஊதினால் உருக்கு சூட்டை இழுத்துவிடும், பொடி சரியாக ஓடாது. ஈயப் பற்று வேண்டவே வேண்டாம். வாய்க்குப் போகிற சாமான் இது. ஆறிய பின் திரும்பக் கூம்பில் ஏற்றிக் கொட்டாப்புளியால் தட்டினால் வட்டம் சரியாகும். உள்ளே பொடி திரண்டிருந்தால் அராவி எடுக்கச் சொல்லுங்கள்.

ஒடுங்கிய முனையை விரலால் அடைத்து, மறுமுனையை உறிஞ்சிப் பாருங்கள். நாக்கைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் பொருத்தில் ஓட்டை. இன்னொரு முறை ஊதித்தான் ஆக வேண்டும்.

சுருதி பார்க்கும்போது நனைத்த சீவாளியைச் செருகி, உதட்டைத் தளர்வாக வைத்து, கீழ் ஷட்ஜமத்தையும் மேல் ஷட்ஜமத்தையும் மாறி மாறி வாசியுங்கள். கைதேர்ந்தவர்கள் உதட்டாலேயே குறையை மூடிவிடுவார்கள். திருவிழாவில் சாமம் தாண்டி உதடு களைத்த பிறகுதான் அது வெளியே வரும். மேல் ஸ்தாயி இறங்கினால் கெண்டை நீளம் அல்லது உள்ளே அகலம்: அகன்ற முனையில் அரை மி.மீ. அராவி, மறுபடி வாசித்துப் பார்த்து, மறுபடி அராவுங்கள். ஒடுங்கிய முனையில் அரம் வைத்தால் துவாரம் பெருத்துச் சீவாளியும் பொருந்தி இருக்காது. மேல் ஸ்தாயி ஏறினால் நூலைக் கூடச் சுற்றிக் கெண்டையைச் சற்று வெளியே நிறுத்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

இந்தச் சோதனையை அறைக்குள் முடித்துவிடாதீர்கள். குழலுக்குள் காற்று 10 பாகை செல்சியஸ் சூடேறினால் சுருதி அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை ஏறும், சுருதிப்பெட்டி அசையாது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் காலத்து வைகாசி வெயிலில் வீதியில் வாசிக்க 2 மி.மீ. நீளமான இன்னொரு கெண்டை கைவசம் இருப்பது நல்லது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் சீவாளி சீக்கிரம் காய்ந்துவிடும், அந்தப் பழியைக் கெண்டை மேல் போடாதீர்கள்.

சுற்றுகிற நூலுக்குத் தேன்மெழுகு தடவுங்கள். செம்பில் எச்சில் பட்டுக் களிம்பு பிடிக்கும். வாசித்து முடிந்ததும் சீவாளியைக் கழற்றி, கெண்டையைப் புளி போட்டு விளக்கி, ஈரம் போகத் துடைத்து வையுங்கள்.