சொந்த லாரி எடுத்தவர் நஷ்டமில்லாமல் வாடகை பேசுவது எப்படி

கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம், பாலக்கோடு பக்கம் பத்துப் பதினைந்து வருடம் டிரைவராக ஓட்டி, கையில் இருந்ததைப் போட்டு, மீதிக்கு ஃபைனான்ஸ் வாங்கி சொந்த லாரி எடுத்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வண்டி ஓட்டுவதில் இவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. லோடு பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்து வாடகை பேசும்போதுதான் அடி விழுகிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று புரிய வேண்டும். ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் அரசு கட்டணம் சொல்கிறது, லாரிக்கு மார்க்கெட்தான் சொல்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் சரக்கு வண்டிக்கும் குறைந்தபட்ச, அதிகபட்ச வாடகை வைக்க மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கிறது, ஆனால் நடைமுறையில் பேசி முடிப்பதுதான் ரேட். அதற்கு முந்தைய 1939 சட்டக் காலத்தில் புதிதாக ஒருவர் பர்மிட் கேட்டால், அந்தப் பக்கம் இன்னொரு வண்டி தேவையா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். 1989 ஜூலையில் புதுச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு அந்தக் கெடுபிடி தளர்ந்தது. வண்டியும் பேப்பரும் சரியாக இருந்தால் பர்மிட் கிடைக்கும். நீங்கள் முதலாளி ஆக முடிந்ததற்கும் அதுதான் காரணம், உங்கள் ரேட்டை உடைக்க அடுத்த வண்டிக்காரர் தயாராக நிற்பதற்கும் அதுதான் காரணம்.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் 1935 முதல், எந்த கம்பெனி எந்த ரூட்டில் எந்தச் சரக்கை என்ன ரேட்டுக்கு ஏற்றலாம் என்பதை அரசு ஆணையம்தான் கட்டுப்படுத்தியது. சரக்கு இறக்கிவிட்டு, திரும்பும்போது லோடு ஏற்ற அனுமதி இல்லாமல் காலி வண்டியாக வர வேண்டிய நிலையெல்லாம் இருந்தது. 1980 ஜூலை 1 அன்று ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதைத் திறந்துவிட்டது. லாரி கம்பெனிகள் பத்து வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் பெருகின, வாடகை இறங்கியது, சரக்கு அனுப்புகிறவர்களுக்கு நல்ல லாபம், கடையில் பொருள் வாங்குகிறவர்களுக்கும் லாபம். டிரைவர்களின் யூனியன் பலம் இழந்தது, விலைவாசியோடு ஒப்பிட்டால் அவர்கள் சம்பளம் குறைந்தது. அங்கே பெரிய கம்பெனிகளில், வேலையை விட்டுப் போகும் டிரைவர்களின் அளவு வருடத்துக்கு 90 சதவீதத்தைத் தாண்டிய காலமும் உண்டு. திறந்த மார்க்கெட்டால் நன்மை இல்லை என்று நான் சொல்லவில்லை, ராயக்கோட்டைத் தக்காளி நினைத்த நேரத்தில் சென்னைக்குப் போக முடிகிறது என்றால் அது இதனால்தான். ஆனால் அப்படி மிச்சமான பணத்தில் ஒரு பங்கு ஸ்டியரிங் பிடிக்கிறவர் உடம்பிலிருந்து வந்தது என்பதை மறக்கக் கூடாது.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு நோட்டில் உங்கள் வண்டியின் நின்ற செலவை எழுதுங்கள். வண்டி ஓடினாலும் நின்றாலும் போகிற பணம் அது. டியூ (ஃபைனான்ஸ் தவணை), இன்சூரன்ஸ், ரோட் டாக்ஸ், பர்மிட், எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) செலவு, எல்லாவற்றையும் மாதத்துக்குப் பிரித்தால் 75,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இதை 30 நாளால் வகுக்காதீர்கள், உண்மையில் லோடோடு ஓடுகிற நாட்களால் வகுங்கள். 25 நாள் ஓடினால் நாளுக்கு 3,000. 18 நாள்தான் ஓடுகிறது என்றால் அதே செலவு நாளுக்கு 4,167 ஆகிவிடும்.

அடுத்தது ஓடும் செலவு. பத்து சக்கர வண்டி, கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை போக வர 500 கிலோமீட்டர், லிட்டருக்கு 4 கிலோமீட்டர், டீசல் 93 ரூபாய் என்று எடுத்தால் 125 லிட்டர், 11,625 ரூபாய். டோலுக்கு 4,000, இரண்டு நாள் பேட்டா (டிரைவரின் வழிச் செலவுப் படி) 2,000, டயர், ஆயில், சர்வீஸுக்குக் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் வீதம் 2,500. மொத்தம் 20,125. இரண்டு நாள் நின்ற செலவு 6,000 சேர்த்தால் 26,125. இவையெல்லாம் உதாரணத்துக்குப் போட்ட எண்கள், உங்கள் ஃபாஸ்டாக் ஸ்டேட்மென்ட்டையும் டீசல் பில்லையும் வைத்து உங்கள் எண்களைப் போடுங்கள். டயருக்குத் தனியாக எடுத்து வைக்காதவர்தான் 22,000 வாடகைக்கு "டீசல் டோல் பேட்டா போக நாலைந்து கையில் நிக்குதே" என்று தலையாட்டுவார், அப்புறம் டயர் மாற்ற மறுபடி கடன் வாங்குவார்.

இதே நடையில் அன்லோடு ஒரு நாள் தள்ளிப்போனால் என்ன ஆகும்? நின்ற செலவும் பேட்டாவும் சேர்ந்து இன்னும் 4,000. செலவு 30,125 ஆகிவிட்டது, வாடகை அப்படியே இருக்கிறது. குடோன் வாசலில் டோக்கன் போட்டு நிற்பதற்கு யாரும் தானாகக் காசு கொடுப்பதில்லை. அதனால் லோடு ஏற்றும் முன்பே, எத்தனை மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஹால்டிங் (காத்திருப்புக் காசு), நாளுக்கு எவ்வளவு, யார் கொடுப்பது என்று பேசி, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். என்னைக் கேட்டால் வாடகையில் ஐந்நூறு விட்டுக் கொடுத்தாலும் ஹால்டிங்கை விட்டுக் கொடுக்காதீர்கள்.

மாதக் கான்ட்ராக்ட் பேசினால் டீசலுக்கு ஒரு நிபந்தனை கட்டாயம் வேண்டும். 2014 அக்டோபரில் டீசல் விலை மீதான கட்டுப்பாடு நீக்கப்பட்டது, 2017 ஜூன் 16 முதல் விலையைத் தினமும் மாற்றலாம் என்று ஆனது. வாடகை ஒரே எண்ணில் நிற்க, டீசல் ஏறினால், ஏறின ஒவ்வொரு ரூபாயும் உங்கள் பையிலிருந்துதான். பேசும் நாளின் டீசல் விலையைத் தாளில் எழுதி, அது எவ்வளவு ஏறினால் வாடகை எவ்வளவு ஏறும் என்று சேர்த்துவிடுங்கள்.

மாங்கூழ் ஃபேக்டரிகள் ஓடும் சீசனில் நம் பக்கம் லோடு கிராக்கி இருக்கும், ரேட்டைப் பிடித்துப் பேசலாம். சீசன் முடிந்ததும் "ரெண்டு டன் கூட ஏத்திக்கோ, அதே வாடகைதான்" என்று ஆரம்பிப்பார்கள். 2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் எடை வரம்பைக் கூட்டியபோது பத்து சக்கர வண்டியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆனது. அதற்கு மேலும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஆர்சியில் (பதிவுச் சான்றில்) இருக்கும் எடைதான் உங்கள் எல்லை. 2019 திருத்தத்தின்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000, அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம், சரக்கையும் இறக்க வேண்டும். கிரானைட் பிளாக் ஏற்றுகிறவர்கள் எடை மேடை சீட்டு கையில் வராமல் கிளம்பவே கூடாது.

தர்மபுரி - சேலம் ரோட்டில் இருக்கும் தொப்பூர் கணவாயைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவது அங்கே விபத்துகளுக்கு ஒரு முக்கிய காரணம். நியூட்ரலில் இன்ஜின் வண்டியைப் பிடிக்காது, முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து, டிரம் சூடேறி, பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காமல் போகும். வாடகை கட்டுப்படியாகாததால் டீசலில் மிச்சம் பிடிக்கலாம் என்று இறங்கி, முன்னால் போகிற குடும்பத்தின் மேல் ஏறிவிடும் நிலைமை யாருக்கும் வரக் கூடாது. கணக்குப் போடும்போதே அந்த இறக்கத்தை கியரில் இறங்குவதாக மைலேஜ் போடுங்கள்.

கடைசியாக டிரைவர் விஷயம், அது நீங்களாகவே இருந்தாலும் சரி. 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று எழுதிவைத்தது, ஆனால் ஐந்து தொழிலாளரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனங்களைத்தான் அது பிரதானமாகக் கணக்கில் எடுத்தது. ஒற்றை வண்டிக்காரர் எவ்வளவு நேரம் ஓட்டினார் என்று கேட்க ஆளில்லை. அதனால் அந்தக் கணக்கையும் நீங்களே போட வேண்டியிருக்கிறது. லோடு ஏற்றும்போதே, ராத்திரி தூங்கும் நேரத்தைச் சேர்த்துத்தான் போய்ச் சேரும் நேரத்தைச் சொல்லுங்கள். சரக்கு அனுப்பும் பார்ட்டி "விடியறதுக்குள்ள வேணும்" என்றால், இரண்டாவது டிரைவரின் சம்பளத்தையும் பேட்டாவையும் வாடகையில் ஏற்றிக் கேளுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் அந்த லோடு வேண்டாம்.