இத்தாலியப் பெயரடைகள்: அழுத்தம் சறுக்கும் இடங்கள்

விகுதிகளை மனப்பாடம் செய்தால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. எந்த அசையை அழுத்துவது என்று தெரியாவிட்டால், சில விகுதிகளையே சரியாகப் போட முடியாது. எழுத்தில் அழுத்தக்குறி பெரும்பாலும் கடைசி அசைக்கு மட்டும்தான். மற்றதற்கு அகராதிதான் கதி. (கீழே நெடில் வருமிடத்தில் அழுத்தம். தமிழெழுத்தில் ஒலிகள் தோராயமே.)

'ஜென்தீலெ' (கனிவான) என்பதில் ஈற்றயல் அசைக்கு அழுத்தம். அதே வாடையில் 'ஃபசீலெ' என்று சொல்லிவிடுவோம். எளிதான என்பதற்கு 'ஃபாசிலெ' என்பதே சரி. 'ஊதிலெ' (பயனுள்ள), 'ஃப்ராஜிலெ' (உடையக்கூடிய) இரண்டும் இதே சாதி. 'பிலெ' என முடிபவை தொல்லை தராது: 'அமாபிலெ', 'பொஸ்ஸீபிலெ' என எப்போதும் கடைசியிலிருந்து மூன்றாம் அசை. இலவசமான என்னும் 'க்ரதூஇதொ'வை இத்தாலியர்களே பலர் 'க்ரதுஈதொ' என்பார்கள். அதைக் கேட்டுப் பழகிவிட வேண்டாம்.

'கொ' என முடியும் ஆண்பால் சொற்களின் பன்மையில்தான் அழுத்தம் தன் வேலையைக் காட்டும். ஈற்றயலில் அழுத்தமிருந்தால் பெரும்பாலும் 'கி': 'அன்தீகொ' (பழமையான), 'அன்தீகி'. அதற்கும் முந்தைய அசையில் இருந்தால் 'சி': 'ஸிம்பாதிகொ' (இனிமையான), 'ஸிம்பாதிசி'. 'ஸிம்பாதிகி' என்பது அடிக்கடி காணும் பிழை. விதியை மீறுபவையும் உண்டு: சுமையேறிய என்னும் 'காரிகொ' பன்மையில் 'காரிகி'. பெண்பால் பன்மைக்கு இந்தக் குழப்பமே இல்லை, எப்போதும் 'கெ'.

வரி மடக்கும்போது நம் யாப்புப் பழக்கம் காலை வாரும். மெய்யை முன்னெழுத்தோடு சேர்த்தே பழகிய நமக்கு 'த்ரிஸ்-தெ' (சோகமான) என்று பிரிக்கத் தோன்றும். 'ஸ்' அடுத்த மெய்யோடு போக வேண்டும்: 'த்ரி-ஸ்தெ'. இரட்டை மெய்யோ தமிழ்போல நடுவில் பிரியும்: 'பெல்-லொ' (அழகான), 'ரொஸ்-ஸொ' (சிவந்த).

'மென்தெ' சேர்த்து வினையடை ஆக்கும்போது 'ஒ'வில் முடிவதைப் பெண்பாலாக்கிச் சேர்க்க வேண்டும்: 'லென்தொ' (மெதுவான), 'லென்தமென்தெ'. 'லெ', 'ரெ' என முடிபவற்றில் பெரும்பாலும் ஈற்று உயிர் உதிரும்: 'ஃபசில்மென்தெ'. இங்கே அழுத்தம் 'மென்' அசைக்கு நகர்ந்துவிடுவதால், முன்பிருந்த 'ஃபா' குறுகிப்போனதைக் கவனித்தீர்களா? 'வெலோசெ' (வேகமான) என்பதோ உயிரை விடாமல் 'வெலொசெமென்தெ' ஆகும், அதன் முடிவு 'லெ', 'ரெ' அல்லவே.