இண்டக்டரில் எல்லோரும் சறுக்கும் இடங்கள்

ரிலே (சுருளின் காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றை இயக்க நான் செய்த முதல் சர்க்யூட்டில் மூன்று பிசி 547 டிரான்சிஸ்டர்கள் அடுத்தடுத்துப் போயின. 12 வோல்ட் ரிலேயின் சுருளில் ஓடியது வெறும் 30 மில்லி ஆம்பியர். டிரான்சிஸ்டர் 100 வரை தாங்கும். கணக்கில் பிழையில்லை என்பதால் கடைக்காரரைச் சந்தேகப்பட்டேன்.

பிழை, டையோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) போடாததில் இருந்தது. ரிலேயின் சுருளும் ஓர் இண்டக்டர்தான், அதாவது ஆற்றலைக் காந்தப்புலமாகச் சேர்த்துவைக்கும் சுருள். அதில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று நிற்காது. டிரான்சிஸ்டர் வழியை அடைத்ததும், காந்தப்புலத்தில் சேர்ந்திருந்த ஆற்றல் எப்படியாவது வெளியேறப் பார்க்கும். சுருளின் மின்னழுத்தம் நூற்றுக்கணக்கான வோல்ட்டுக்குக்கூட எகிறும். பிசி 547 தாங்குவது 45 வோல்ட்தான். சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு போதும். கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால், டிரான்சிஸ்டர் ஆன் ஆனதுமே ஷார்ட். அதையும் செய்து பார்த்தவன்தான் நான்.

அதற்காக அதே டையோடை எல்.எம்.2596 பக் கன்வர்ட்டரில் (மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் சர்க்யூட்) போடாதீர்கள். அது நொடிக்கு ஒன்றரை லட்சம் முறை (150 கிலோஹெர்ட்ஸ்) ஆன், ஆஃப் ஆகும். அந்த வேகத்துக்கு 1என்4007 மூடிக்கொள்ளாது, சூடேறிவிடும். அங்கே 1என்5822 போன்ற, வேகமாக மூடிக்கொள்ளும் ஷாட்கி டையோடு வேண்டும்.

அடுத்தது, இண்டக்டரின் தலையில் இருக்கும் எண். '100' என்றால் 100 மைக்ரோஹென்றி (இண்டக்டரின் அளவான இண்டக்டன்ஸின் அலகு) அல்ல, 10. கடைசி இலக்கம் சுழியங்களின் எண்ணிக்கை. 100 வேண்டுமென்றால் '101' வாங்க வேண்டும். அதே கன்வர்ட்டரில் 12 வோல்ட்டை 5 ஆக்கும்போது, 100 மைக்ரோஹென்றி இருந்தால் மின்னோட்டம் சுமார் 0.2 ஆம்பியர் அளவுக்கே ஏறி இறங்கும். 10 போட்டால் அது 1.9 ஆகிவிடும். 2 ஆம்பியர் லோடுக்கு உச்சம் ஏறக்குறைய 3 ஆம்பியரைத் தொடும்.

இந்த உச்சத்தைத்தான் பலர் பார்ப்பதில்லை. சுருளுக்குள் இருக்கும் ஃபெரைட் என்ற காந்தப்பொருள் உள்ளகம் ஓர் அளவுக்குமேல் காந்தப்புலத்தை ஏற்காது. அந்த எல்லை தாண்டினால் இண்டக்டன்ஸ் சரிந்து, மின்னோட்டம் செங்குத்தாக ஏறும். டேட்டாஷீட்டில் மின்னோட்டத்துக்கு இரண்டு எண்கள் இருக்கும்: ஒன்று சூடு தாங்கும் அளவு, மற்றது உள்ளகம் அந்த எல்லையைத் தொட்டுச் செறிவடையும் அளவு. இரண்டையும் பார்த்து வாங்குங்கள். ஒரு 33 மைக்ரோஹென்றி சுருளை, இண்டக்டன்ஸ் அளக்கும் எல்.சி.ஆர். மீட்டரில் வைத்தால் 33 என்று சரியாகவே காட்டும். ஆனால் சாதாரண மீட்டர் அளப்பது மில்லி ஆம்பியர் கணக்கில். 3 ஆம்பியரில் அந்தச் சுருள் என்ன ஆகும் என்பது அதற்குத் தெரியாது.