பாதியில் நின்ற பழைய குயில்ட்டை முடிப்பது எப்படி?

அமெரிக்காவில் பழம்பொருள் கடைகளுக்குப் போனால், மேல்பகுதி மட்டும் தைத்து மடித்து வைத்த குயில்ட்டுகள் கண்ணில் படும். குயில்ட் என்பது மூன்று அடுக்கு: ஒட்டுத்துணிகளால் ஆன டாப், நடுவில் பேட்டிங் என்ற பஞ்சு விரிப்பு, அடியில் பின்துணி. மூன்றையும் சேர்த்து ஊடுருவத் தைத்தால்தான் அது போர்வை. நான் ஒஹாயோவில் வாங்கியது 1930களின் அறுகோணப் பூக்கள் கொண்ட டாப். அந்த வடிவத்தை அங்கே 'பாட்டியின் பூந்தோட்டம்' என்பார்கள். தைத்தவர் யாரென்று தெரியாது. அவர் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும், அவர் செய்ததைத் திருத்தக் கூடாது. இவ்வளவுதான் என் கொள்கை.

முதலில், முடிக்கலாமா?

எல்லா டாப்பிலும் கை வைக்கக் கூடாது. 1800களைச் சேர்ந்தது போலத் தெரிந்தால், அல்லது பட்டுத் துண்டுகள் இருந்தால், விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அக்காலத்தில் பட்டின் எடையைக் கூட்ட உலோக உப்பு ஏற்றினார்கள். அந்தப் பட்டு தானாகவே கீறல் விட்டுக் கிழியும். சில பழுப்பு, கறுப்புச் சாயங்களில் இருந்த இரும்பு, பருத்தியையும் இற்றுப்போக வைக்கும். 1930களின் பருத்தி டாப்புகள் அவ்வளவு அரிதல்ல. 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியையொட்டி சியர்ஸ் என்ற அமெரிக்க விற்பனை நிறுவனம் நடத்திய ஒரே போட்டிக்குச் சுமார் 24,000 குயில்ட்டுகள் வந்தன. துணி திடமாக இருந்தால் தைரியமாக இறங்கலாம்.

புரட்டிப் பாருங்கள்

பகல் வெளிச்சத்தில் வெள்ளை விரிப்பின் மேல் கவிழ்த்துப் போடுங்கள். சேதி எல்லாம் பின்பக்கம்தான் இருக்கிறது. கைத்தையலா, மெஷினா? எந்த நூல்? ஒரு துண்டின் ஓரத்தில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள் தெரிந்தால், அது மாவு மூட்டையாகவோ கோழித்தீவன மூட்டையாகவோ இருந்திருக்கலாம். ஓட்டைகள் மூட்டையின் தையலைப் பிரித்த தடம். பொருளாதார நெருக்கடியில் இருந்த அந்த வருடங்களில் பூப்போட்ட மூட்டைத்துணியில் கவுன் தைத்தார்கள், மிச்சம் குயில்ட்டுக்குப் போனது. அந்த ஓட்டைகளை மறைக்க வேண்டாம்.

சில அறுகோண டாப்புகளுக்குள், துணியை மடித்துத் தைக்க வைத்த காகித அச்சுகள் இன்னும் இருக்கும். செய்தித்தாள் துண்டாக இருந்தால் ஆண்டுகூடக் கிடைக்கலாம். எடுத்ததை ஓர் உறையில் போட்டு வையுங்கள். ஓர வரிசைக் காகிதங்களை மட்டும் கடைசிவரை விட்டுவையுங்கள். அவைதான் வடிவத்தைப் பிடித்து நிற்கின்றன.

என் டாப்பில் ஒரு பூவுக்கு ஐந்து இதழ்கள் மஞ்சள், ஆறாவது வெளிர் ஆரஞ்சு. துணி தீர்ந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்தப் பூவைத்தான்.

இப்போது துவைக்காதீர்கள். என் முதல் டாப்பை வாஷிங் மெஷினில் போட்டேன். வெட்டு ஓரங்கள் எல்லாம் நூல் நூலாகப் பிரிந்து, பத்து இடங்களில் தையல் விட்டுப்போனது. அதை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை. காற்றாட விட்டாலே போதும். ஈரமான வெள்ளைத் துணியால் ஒவ்வொரு நிறத்தையும் ஒற்றிப் பார்த்து, சாயம் இறங்குகிறதா என்று குறித்து வையுங்கள், குறிப்பாகச் சிவப்பையும் கருநீலத்தையும்.

பழுது

விட்டுப்போன தையலைப் பருத்தி நூலால் கையில் தையுங்கள். இற்றுப்போன துண்டை வெட்டி எடுக்காமல், அதன் மேலேயே அதே காலச் சாயலுள்ள துணியை வைத்து ஓரம் மடித்துத் தையுங்கள். 1930களின் துணி டிசைன்களைப் போலவே அச்சிட்ட புதுத்துணி குயில்ட் கடைகளில் கிடைக்கும். பழையது உள்ளே பத்திரமாக இருக்கும்.

பஞ்சும் பின்துணியும்

மெல்லிய, முழுப் பருத்தி பேட்டிங் வாங்குங்கள். அந்தக் காலத்து குயில்ட் தட்டையாக, சற்றுக் கனமாகப் படிந்து கிடக்கும். உப்பலான பாலியஸ்டர் வைத்தால் முகமே மாறிவிடும். பின்துணிக்கு நம் காடாத் துணி போன்ற, வெளுக்காத பருத்தி சரியாக இருக்கும். அதைத் துவைத்துச் சுருங்க வைத்தபின், நான்கு பக்கமும் 3 அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள்.

தரையில் பின்துணி, பஞ்சு, டாப் என்று அடுக்கி, நடுவிலிருந்து வெளியே தற்காலிகமாகப் பெரிய ஓட்டுத்தையல் போடுங்கள், 4 அங்குல இடைவெளியில். வெள்ளை நூல்தான். ஒட்டும் ஸ்ப்ரே வேண்டாம்.

குயில்ட்டிங்

இங்கே நிதானம் தேவை. கையில் தைத்த டாப்பைக் கையாலேயே குயில்ட் செய்யுங்கள் என்பேன். 10ஆம் எண் குட்டை ஊசி, குயில்ட்டிங்குக்கென்றே வரும் பருத்தி நூல், நடுவிரலுக்கு விரலுறை, ஒரு பெரிய வளையம். துணியை வளையத்தில் இழுத்துக் கட்டாதீர்கள், சற்றுத் தொய்வாக இருக்கட்டும். அப்போதுதான் ஊசி மேலும் கீழும் அசைந்து மூன்று நான்கு தையல்களை ஒருசேர எடுக்கும்.

ஒவ்வொரு அறுகோணத்துக்குள்ளும் ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளித் தைப்பது அந்தக் கால வழக்கம். தையலே வழிகாட்டுவதால் பேனா அடையாளம் தேவையில்லை. அடியில் மடிந்திருக்கும் ஓரத்தைத் தாண்டி ஊசி இறங்குவதால் கையும் நோகாது. கைதேர்ந்தவர்கள் ஓர் அங்குலத்துக்கு 8, 10 தையல் போடுவார்கள். நீங்கள் 5 போட்டாலும் பரவாயில்லை, ஒரே சீராக இருக்கட்டும். டாப் எங்காவது உப்பி நின்றால் பிரித்துத் தட்டையாக்க வேண்டாம். நடுவிலிருந்து தைத்து வரும்போது பெருமளவு தானே அடங்கிவிடும்.

ஓரம்

நேராக்குவதற்காக அறுகோண ஓரங்களை வெட்டிவிடாதீர்கள். பலரும் இங்கேதான் தவறு செய்கிறார்கள். காகிதங்களை எடுத்துவிட்டு, பின்துணியை அதே வளைவு நெளிவில் வெட்டி, இரண்டின் ஓரத்தையும் உள்ளே மடித்து, வெளியே தெரியாத தையலால் மூடுங்கள். நேரமாகும். எனக்கு ஓரத்துக்கு மட்டும் ஆறு வாரம் ஆனது.

கடைசியாகப் பெயர்ச்சீட்டு

சின்னக் காடாத் துண்டில், துணிக்கு ஏற்ற அழியாத மையால் எழுதிப் பின்பக்க மூலையில் தைத்துவிடுங்கள். என்னுடையதில் இப்படி எழுதினேன்: "டாப்: பெயர் தெரியாத ஒருவர், 1930கள். அடுக்கி, குயில்ட் செய்து முடித்தது: நான்." கீழே ஊரும் ஆண்டும். காகித அச்சுகள் உள்ள உறை குயில்ட்டோடு அதே பெட்டியில் இருக்கிறது.